ஒரு தூக்குத் தண்டனை வழக்கை வீட்டிலிருந்தே முழுதாகப் படிக்க முடியுமா? இலவசத் தீர்ப்புத் தளங்கள் மூன்று

எங்காவது ஒரு குழந்தை கொல்லப்பட்டால் மறுநாளே தூக்கு வேண்டும், வேண்டாம் என்று வாக்குவாதம் தொடங்கிவிடும். வாதாடுகிறவர்களில் தீர்ப்பைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. பார்க்க முடியாத காலம் போய்விட்டது என்பதால்தான் இந்த மதிப்பாய்வு. இந்தியன் கானூன், உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர், மாவட்ட நீதிமன்றங்களுக்கான இ-கோர்ட்ஸ் மூன்றுமே காசு கேட்பதில்லை. மரண தண்டனை வழக்கு ஒன்றை அடிமுதல் நுனிவரை தொடர வேண்டும் என்றால் இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதே கேள்வி.

சுருக்கமான பதில்: உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படிக்கப் பிரமாதம், உயர் நீதிமன்றம் வரை பரவாயில்லை. தூக்கை முதலில் விதிக்கும் செஷன்ஸ் கோர்ட் மட்டும் ஏறக்குறைய இருட்டு.

சோதித்துப் பார்க்க ஏற்ற வழக்கு, சட்டப் பத்திரிகைகளில் 'சுந்தர் என்ற சுந்தர்ராஜன் எதிர் மாநில அரசு' என்ற பெயரில் வருவது. 2009 ஜூலை 27 அன்று கடலூர் மாவட்டத்தில் பள்ளி வேனில் வந்த 7 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். 5 லட்சம் ரூபாய் கேட்டு மிரட்டல் அழைப்பு வந்தது. சிறுவன் கொல்லப்பட்டு, உடல் குளத்தில் வீசப்பட்டிருந்தது. 2010 ஜூலையில் கடலூர் மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2013 பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தீர்ப்பை அதே நீதிமன்றமே மறுபடி பார்க்கக் கோரும் மறுசீராய்வு மனு அடுத்த மாதமே தள்ளுபடி. பத்து ஆண்டு கழித்து, 2023 மார்ச் 21 அன்று, அதே உச்ச நீதிமன்றம் மறுசீராய்வை மறுபடி கேட்டு, குற்றவாளி என்ற முடிவைத் தொடாமல், தண்டனையை மட்டும் குறைந்தது 20 ஆண்டு தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுளாக மாற்றியது. ஒரே குற்றம், ஒரே ஆள், ஒரே சாட்சியம். ஆனாலும் முடிவு மாறியது. எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தத் தளங்கள் வேண்டும்.

முதலில் இந்தியன் கானூன். 2008 முதல் இயங்கும் தனியார் தளம் இது. அரசுத் தளங்களைவிட வேகமானது, கேப்சா தொல்லை கிடையாது. தேடல் பெட்டியில் வெறும் பெயரைத் தட்டினால் அந்தப் பெயர் உள்ள அத்தனை ஜாமீன் மனுவும் வந்து விழும். பெயரை மேற்கோள் குறிக்குள் அடைத்து, நீதிமன்றத்தில் உச்ச நீதிமன்றத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆண்டு வரம்பையும் கொடுத்துவிட்டால் 2013, 2023 தீர்ப்புகள் இரண்டும் மேலேயே நிற்கும். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பெயரை நம்ப வேண்டாம், எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். சென்னை உயர் நீதிமன்றத்தில் தூக்கை உறுதி செய்ய வரும் வழக்குகளுக்கு ஆர்.டி. (ரெஃபர்டு ட்ரயல்) என்று தனி வகை உண்டு. மதுரைக் கிளை என்றால் கூடவே எம்டி சேரும். ஓர் ஆண்டில் ஆர்.டி. எண்கள் சொற்பமே ஏறும் என்பதால் 'ஆர்.டி.' எண்ணும் ஆண்டும் போட்டுத் தேடுவது பெயரைவிட நம்பகமானது. குற்றவாளியின் மேல்முறையீடும் இதோடு சேர்த்தே கேட்கப்படும், ஆகவே குற்ற மேல்முறையீட்டு எண்ணிலும் அதே தீர்ப்புதான் வரும். இரண்டு தீர்ப்பு என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

தீர்ப்பு திறந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய கட்டாயமில்லை. தண்டனை பற்றிய பகுதி பெரும்பாலும் கடைசியில் இருக்கும். 'மிட்டிகேட்டிங்' (தண்டனையைக் குறைக்கும் காரணம்), 'அக்ரவேட்டிங்' (கூட்டும் காரணம்) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஆங்கில எழுத்தில் கொடுத்துப் பக்கத்துக்குள் தேடினால் நேராக அங்கே போய்விடலாம். குற்றம் நிரூபணமானதா என்பதற்கு எத்தனை பத்தி, இந்த ஆளைக் கொல்ல வேண்டுமா என்பதற்கு எத்தனை பத்தி என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். 2013 தீர்ப்பையும் 2023 தீர்ப்பையும் அடுத்தடுத்த டேபில் திறந்து வைத்து இப்படிச் செய்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பெற்றோரின் ஒரே ஆண் பிள்ளையைக் கொன்றான், குலம் தழைக்க இருந்த பிள்ளை என்பதை 2013இல் கடுமையான காரணங்களில் ஒன்றாக எண்ணினார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பது ஒரு கொலையின் கொடூரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, அது ஆணாதிக்க மதிப்பீடு என்று 2023 அமர்வு அதைத் தள்ளியது. குற்றம் நடந்தபோது குற்றவாளிக்கு வயது 23 என்பதும், சிறைக்குள் என்ன செய்தார் என்பதும் முன்பு எந்தக் கட்டத்திலும் உருப்படியாக எடைபோடப்படவில்லை என்றும் சொன்னது.

இந்தத் தளத்தின் பெரிய பலம் இணைப்புகள். ஒரு தீர்ப்பு எந்தெந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறது, பின்னால் எவை இதை மேற்கோள் காட்டின என்ற இரண்டு பட்டியலும் சொடுக்கினால் கிடைக்கும். 2023 தீர்ப்பிலிருந்து பின்னோக்கிப் போனால் முகமது ஆரிஃப் (2014 செப்டம்பர் 2) வரும். தூக்கு வழக்குகளில் மறுசீராய்வை நீதிபதிகள் தங்கள் அறையில் காகிதத்தைப் புரட்டி முடித்துவிடக் கூடாது, திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழி வாதம் வேண்டும், அதற்கு 30 நிமிடம் வரை நேரம் தரலாம் என்று சொன்ன தீர்ப்பு அது. அது இல்லாவிட்டால் கடலூர் வழக்கின் மறுசீராய்வு மீண்டும் திறக்கப்பட்டிருக்காது. இன்னும் பின்னே போனால், எந்த வழக்கில் தூக்கு விதிக்கலாம் என்ற அளவுகோலை வகுத்த பச்சன் சிங். முன்னே வந்தால் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் (2022 மே 20). விசாரணைக் கட்டத்திலேயே குற்றவாளியின் மனநிலை, குடும்பப் பின்னணி, சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளை அரசு திரட்டித் தர வேண்டும் என்று வகுத்தது மனோஜ்.

இணைப்புகளின் பலத்திலேயே ஆபத்தும் உண்டு. மேற்கோள் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் தீர்ப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருளல்ல. ராவ்ஜி எதிர் ராஜஸ்தான் (1996) குற்றத்தை மட்டும் பார், குற்றவாளியைப் பார்க்காதே என்ற தொனியில் எழுதப்பட்டது. பின்னால் பல தூக்குத் தீர்ப்புகள் அதன்மேல் நின்றன. பச்சன் சிங்குக்கு முரணாக எழுதப்பட்ட அது முன்னுதாரணமாகாது என்று 2009 மே மாதம் சந்தோஷ் பாரியார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்குள் 13 ஆண்டு ஓடிவிட்டது, ராவ்ஜி 1996லேயே தூக்கிலிடப்பட்டுவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து போன வதீஸ்வரன் வழக்கும் அப்படித்தான். தூக்கு விதித்து 2 ஆண்டுக்கு மேல் தாமதமானால் ஆயுளாக மாற்றலாம் என்று 1983 பிப்ரவரியில் சொன்னார்கள். அடுத்த மாதமே ஷேர் சிங் வழக்கில் வேறு அமர்வு ஒப்பவில்லை; 1989இல் திரிவேணிபென் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அந்த இரண்டு ஆண்டுக் கணக்கையே ரத்து செய்தார்கள். வதீஸ்வரனை மட்டும் திறந்து படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. எந்த முன்னுதாரணத்தை நீதிமன்றம் ஏற்றது, எதை எதிர்மறையாகப் பார்த்தது என்று தளம் நிறக்குறி இடுகிறது, உண்மைதான். அதை இடுவது இயந்திரம். பெரிய தீர்ப்புகளில் தடுமாறும். பின்னால் வந்த ஐந்து நீதிபதித் தீர்ப்பு ஏதாவது உண்டா என்று மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

பச்சன் சிங்கிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. 'அரிதினும் அரிதான வழக்கு' என்ற அளவுகோலைத் தந்த நால்வரின் பெரும்பான்மைத் தீர்ப்பு 1980 மே 9 தேதியிட்டது. நீதிபதி பகவதியின் மறுப்புத் தீர்ப்புக்கான காரணங்கள் 1982 ஆகஸ்ட் 16 அன்றுதான் வந்தன. அதனால் ஒரே வழக்கு இரண்டு ஆவணமாகக் கிடக்கிறது. முதலாவதை மட்டும் படிப்பவர், மரண தண்டனை நீதிபதிக்கு நீதிபதி மாறும் குலுக்கலாக இருக்கிறது என்ற வாதத்தின் ஆகச் சிறந்த வடிவத்தைத் தவறவிடுகிறார். ராஜீவ் கொலை வழக்கில் சிக்கல் இன்னும் அதிகம். 1999 மே 11 மேல்முறையீட்டுத் தீர்ப்பு நளினி பெயரில் இருக்கும். கருணை மனுத் தாமதத்துக்காக மூவரின் தூக்கை ஆயுளாக்கிய 2014 பிப்ரவரி 18 தீர்ப்பும், மாநில அரசின் விடுதலை அதிகாரம் பற்றிய 2015 டிசம்பர் 2 அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பும் ஸ்ரீஹரன் (முருகன்) பெயரிலேயே இருக்கும். 2022 மே 18 விடுதலை பேரறிவாளன் பெயரில். தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கு என்பதால் நடுவில் உயர் நீதிமன்றம் கிடையாது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இ-எஸ்சிஆர் 2023 ஜனவரி 2 அன்று வந்தது. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கைத் தொகுதிகளை 1950 முதல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். முன்பு இதற்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் உண்மையிலேயே பெரிய காரியம். ஒவ்வொரு தீர்ப்பின் தலையிலும் சாரக்குறிப்பு இருக்கும். பத்துப் பதினைந்து தீர்ப்பைச் சலித்து வேண்டியதை எடுக்க அதுவே போதும். நீதிபதி பெயர், அமர்வின் அளவு, ஆண்டு என்று வடிகட்டலாம். ஐந்து நீதிபதி அமர்வு என்று மட்டும் வடிகட்டி, மரண தண்டனைக்கான ஆங்கிலத் தொடரைக் கொடுத்தால் கையடக்கமான பட்டியல் கிடைக்கும். மேலே சொன்ன 'இன்னும் உயிரோடு இருக்கிறதா' என்ற சந்தேகத்துக்கு இதைவிட விரைவான மருந்து இல்லை. கட்டுரையிலோ மனுவிலோ மேற்கோள் காட்டப் போகிறவர் இந்தப் பிரதியைத்தான் எடுக்க வேண்டும். 2023 முதல் ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஆண்டு, உச்ச நீதிமன்றத்தைக் குறிக்கும் ஐஎன்எஸ்சி, வரிசை எண் என்ற பொது அடையாளமும் உண்டு. தனியார் பத்திரிகையின் பக்க எண்ணை நம்பியிருக்க வேண்டியதில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். கேப்சா தவறினால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்தைச் சிறிது நேரம் விட்டுவிட்டுத் திரும்பினால் தேடல் காலாவதியாகியிருக்கும். எனவே வேண்டிய பிடிஎஃப்பை உடனே இறக்கிக்கொள்வது நல்லது. பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்தவை, அவற்றில் சொல் தேடல் சில இடங்களில் வழுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: இதில் இருப்பவை பத்திரிகையில் வெளியிடத் தக்கவை என்று நீதிமன்றம் குறித்த தீர்ப்புகள் மட்டுமே. கடலூர் வழக்கில் 2013 மார்ச்சில் மறுசீராய்வைத் தள்ளியது போன்ற சிறு ஆணைகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அவற்றுக்கு உச்ச நீதிமன்றத் தளத்தின் வழக்கு நிலைப் பக்கத்தில் மறுசீராய்வு மனு எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். தூக்கு வழக்குகளில் ஆளின் உயிர் பல நேரம் அந்தச் சிறு ஆணைகளில்தான் தொங்குகிறது.

பத்தி எண்களிலும் கவனம் வேண்டும். பச்சன் சிங்கின் இன்ன பத்தி என்று பிற்காலத் தீர்ப்புகள் சொல்வது பெரும்பாலும் எஸ்சிசி என்ற தனியார் பத்திரிகையின் எண். இ-எஸ்சிஆரிலோ இந்தியன் கானூனிலோ அதே எண்ணில் அதே வரி இராது. மேற்கோளிலிருந்து ஐந்தாறு சொற்களை அப்படியே தேடல் பெட்டியில் ஒட்டித் தேடுவதுதான் வழி.

தமிழ் மொழிபெயர்ப்பும் இதே தளத்தில் கிடைக்கிறது. சுவாஸ் என்ற இயந்திரம் மொழிபெயர்த்து ஆட்கள் திருத்தியது. கட்சிக்காரர் தம் மொழியில் புரிந்துகொள்ள மட்டுமே, ஆங்கிலப் பிரதியே அதிகாரபூர்வமானது என்ற எச்சரிக்கை ஒவ்வொன்றிலும் உண்டு. வழக்கின் கதையைப் பிடிக்க உதவும். தண்டனைப் பகுதியில் வாக்கியங்கள் நீண்டு முறுக்கிக்கொள்வதால் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

மூன்றாவது, இ-கோர்ட்ஸ். செயலியாகவும் தளமாகவும் இருக்கிறது. நடப்பு வழக்கின் அடுத்த வாய்தா என்ன, எந்த நீதிமன்றம், எந்தக் கட்டம் என்று தெரிந்துகொள்ள இதை விஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண் உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்தவை மாவட்டமும் நீதிமன்றமும், பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. அது கையில் இருந்தால் ஒரே தட்டலில் வழக்கு வரும். இல்லாதவருக்கு ஒரு குறுக்குவழி: உயர் நீதிமன்றத் தீர்ப்பிலேயே காவல் நிலையப் பெயர், குற்ற எண், ஆண்டு, செஷன்ஸ் வழக்கு எண் எல்லாம் அச்சாகியிருக்கும். அவற்றை எஃப்ஐஆர் தேடலில் கொடுக்கலாம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளில் பெயர் தேடலை நம்பக் கூடாது. குழந்தையின் அடையாளம் வெளியாகக் கூடாது என்பதால் விவரங்கள் மறைக்கப்பட்டிருக்கும். அது இருக்க வேண்டிய கட்டுப்பாடு. குறை சொல்ல ஏதுமில்லை.

குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில். பழைய செஷன்ஸ் தீர்ப்புகள் பல பதிவேற்றப்படவில்லை. வழக்கு எண் வரும், 'முடிந்தது' என்று வரும், தீர்ப்பைச் சொடுக்கினால் ஒன்றும் இருக்காது. ஏறியிருப்பவற்றில் சொல்லைக் கொடுத்துத் தேடும் வசதி கிடையாது, வழக்கு எண் போன்ற விவரம் தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்தியன் கானூனில் டெல்லி, பெங்களூரு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. கடலூரின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்பார்த்து அங்கே போகக் கூடாது.

இதை வெறும் தொழில்நுட்பக் குறையாகத் தள்ளிவிட முடியாது. ஒருவரைக் குற்றவாளி என்று அறிவித்த பிறகு தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறது, 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 235(2). தூக்கு விதித்தால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்கிறது 354(3). அந்தக் கேள்வியும் பதிலும் நடந்த விதம் செஷன்ஸ் ஆவணத்தில்தான் இருக்கும்: காலையில் தீர்ப்பு, மாலையில் தூக்கா, இடையில் அவகாசம் கொடுத்தார்களா, குற்றவாளி என்ன சொன்னார், அவருடைய வக்கீல் எத்தனை வரி பேசினார். அதே நாளில் தண்டனை சொல்வது சரியா என்ற கேள்வியை 2022 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதி அமர்வுக்கு அனுப்பியது. சென்னை முகலிவாக்கத்தில் 2017இல் நடந்த சிறுமி கொலை வழக்கில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தூக்கு விதித்தது, அதே ஆண்டு உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் குற்றமே நிரூபணமாகவில்லை என்று விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு முறையான சட்ட உதவி கிடைக்கவில்லை என்பதும் அதில் ஒரு காரணம். கீழ் நீதிமன்றத்தில் நடந்தது இதுதான் என்று வெளியாள் அறிய ஏழரை ஆண்டுக்குப் பிந்தைய மேல் தீர்ப்பு வர வேண்டியிருந்தது.

கடலூர் வழக்கிலும் அப்படியொரு இடம் உண்டு. 2023 தீர்ப்பின் பிற்பகுதியில் நிதானமாகப் படிக்க வேண்டியது. சிறை நடத்தை பற்றி நீதிமன்றம் விவரம் கேட்டிருந்தது. நடத்தை திருப்தி, 2013இல் தப்பிக்க ஒரு முயற்சி, ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை, உணவுத் தயாரிப்பில் டிப்ளமோ என்று சிறைத் தரப்பு காவல்துறைக்கு எழுதியிருந்தது. கம்மாபுரம் காவல் நிலைய ஆய்வாளர் பெயரில் தாக்கலான பிரமாணப் பத்திரத்தில் அந்த விவரங்கள் இல்லை. மறைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் நோட்டீஸ் விட்டது. நாளிதழ்களில் இரண்டு வரியில் போன செய்தி. மூலத்தில் படித்தால்தான், ஒரு ஆள் சாவதும் பிழைப்பதும் எந்தக் காகிதம் எந்தக் கோப்பில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்திருப்பது தெரியும்.

2024 ஜூலை 1க்குப் பிந்தைய குற்றங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கொலைக்கான 302, பாரதிய நியாய சன்ஹிதாவில் 103(1). தண்டனை விசாரணை 235(2), புதிய நடைமுறைச் சட்டத்தில் 258(2). சிறப்புக் காரணம் 354(3), இப்போது 393(3). உயர் நீதிமன்ற உறுதிக்கான 366, இப்போது 407. எந்தத் தளமும் பழைய எண்ணைக் கொடுத்தால் புதியதையும் சேர்த்துத் தேடித் தராது. இரண்டு முறை தேட வேண்டியதுதான். கருணை மனுவுக்கான கால வரம்பு இப்போது 472ஆம் பிரிவிலேயே இருப்பதால் அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளலாம்.

தனித் தீர்ப்பு போதாது, மொத்தப் படமும் வேண்டும் என்பவர்கள் டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் 39ஏ வெளியிட்ட ஆண்டறிக்கைகளை இறக்கிக்கொள்ளலாம். 2022இல் விசாரணை நீதிமன்றங்கள் 165 தூக்கு விதித்தன, ஆண்டு முடிவில் 539 பேர் தூக்கு நிழலில் இருந்தார்கள் என்பது போன்ற எண்கள் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும். இந்தத் தளங்கள் மூன்றையும் துருவினாலும் அந்தக் கணக்கு வராது.

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு இந்தியன் கானூன் நான்கு, இ-எஸ்சிஆர் மூன்றரை. இ-கோர்ட்ஸ், வாய்தா பார்க்க நான்கு, தீர்ப்பு படிக்க ஒன்று. செஷன்ஸ் தீர்ப்பு கட்டாயம் வேண்டும் என்பவர் அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவுக்கே போக வேண்டும். தூக்கு விதிக்கப்பட்டவருக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், சான்றிட்ட நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வழக்கில் சம்பந்தப்படாதவர் உயர் நீதிமன்ற விதிகளின்படி காரணம் சொல்லி மனுப் போட்டு, கட்டணம் கட்டிப் பெறலாம். வழக்கு எண், தீர்ப்புத் தேதி, நீதிமன்றப் பெயர் மூன்றையும் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் முதல் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு போனால் கவுன்ட்டரில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.